பள்ளி வாசலில் தங்கிவிட்ட அடவு

இந்தக் கதை கண்ணால் கண்டதல்ல. கொளத்தேரிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமைத்த பொன்னுத்தாயி அக்கா சொல்லிக் கேட்டது. அவரும் பாதியை அடுப்படி ஜன்னல் வழியே பார்த்ததாகவும், மீதியைக் கணக்கு டீச்சர் அமிர்தகடேஸ்வரி ஒருநாள் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோது சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார். ஒரே விஷயத்தை அவர் இரண்டு அளவில் சொன்ன இடங்களில் சிறிய அளவையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் பள்ளி திறந்த வாரத்தில் மேலேயிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆடலும் உடலசைவும் இனி ஆண்டு விழாவுக்கென்று தனியாக ஒதுங்கி நிற்கக் கூடாது, கணக்கிலும் அறிவியலிலும் தமிழிலும் கலந்தே வர வேண்டும், பிள்ளைகள் பாடத்தைக் காதால் மட்டுமல்லாமல் கையால், காலால், இடுப்பால் படிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஓய்வு பெறப் பதினோரு மாதம் பாக்கியிருந்த தலைமையாசிரியர் குணசீலன் அதை மூன்று தரம் படித்துவிட்டு, "இடுப்பால எப்படிம்மா படிப்பாங்க?" என்று அமிர்தத்திடம் கேட்டார். "போய்ப் பாத்துட்டு வரேன் சார்" என்று அமிர்தம் தாலுகா ஊரில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனாள். முழங்கால் வலியோடும், பி.எட். முடித்த நாளுக்குப் பிறகு அவளுக்கு வந்திராத ஒரு சந்தோஷத்தோடும் திரும்பி வந்தாள்.

வந்த மறுநாளே ஏழாம் வகுப்பை வெளியே மணலுக்குக் கூட்டிவந்து, பாதிப் பேரை இரண்டு எண்ணுக்கு ஒருமுறையும் மீதிப் பேரை மூன்று எண்ணுக்கு ஒருமுறையும் காலைத் தட்டச் சொன்னாள். தப்தப்பென்று இரண்டு கூட்டமும் தனித்தனியே தட்டிக்கொண்டு போய், ஆறாவது எண்ணில் எல்லாக் காலும் ஒன்றாக விழுந்தபோது, மூன்றாம் வாய்ப்பாட்டுக்கே அழுகிற பழனிவேல், "டீச்சர், அதான் மீச்சிறு பொது மடங்கா? இம்புட்டுத்தானா?" என்று கத்தினான். கையை விரித்துக் கோணம் ஆடினார்கள், பின்னால் நடந்து குறை எண் ஆடினார்கள், கைகோத்துச் சுற்றளவு ஆடினார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் கூத்தாட விடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. மாதத் தேர்வு மதிப்பெண் வந்ததும் அந்தப் பேச்சு நின்றது.

இந்த ஆட்டங்களில் எல்லோருக்கும் முந்திக் கை உயர்த்துகிறவள் சுடர்க்கொடி. காலனிப் பிள்ளை, பேருந்துச் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற மாசிலாமணியின் ஒரே மகள். செங்கோணத்தை அவள் இடது கையும் வலது காலுமாக நிறுத்திக் காட்டியதைப் பார்த்து மூன்று வகுப்புகள் கைதட்டின. அமிர்தத்துக்கு அவள் மேல் தனிப் பிரியம். அமிர்தம் கெட்டவள் அல்ல. வெளியூரிலிருந்து வந்தவள், அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், காலனியில் கணக்கெடுப்புக்குப் போனபோது கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தவள், குடித்ததைப் பிற்பாடு பல பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டவள்.

ஆடி மாதத்தில் வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. உள்ளூர்க் கலை ஒன்றையும் பாடத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியடில், கேட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து அமிர்தம் சொன்னாள்: "சுடரு, எழுந்திரிம்மா. பறையாட்டத்துல நாலு அடவு போட்டுக் காட்டு. அதை வச்சு நாம எட்டாம் வாய்ப்பாடு பண்ணிடலாம்."

"எனக்குத் தெரியாது டீச்சர்."

"வெக்கப்படாத."

"நெசமாத்தான் டீச்சர். எங்க வீட்ல யாரும் ஆடறதில்ல. அப்பா பாக்கக்கூட விடமாட்டாங்க."

அமிர்தம் சிரித்தாள். பாராட்டுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு நல்ல வார்த்தை சொல்கிறோம் என்ற நினைப்பிலேயே சொன்னாள்: "உங்க ஆளுங்களுக்கு இதைச் சொல்லியா குடுக்கணும்? ரத்தத்துலயே இருக்குமேம்மா."

வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சுடர்க்கொடி டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்; பிறகு எழுந்து நடுவே போய் நின்றாள். பறையும் இல்லை, தாளமும் இல்லை. ஏழு அடி முன்னால் வைத்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், சுற்றும்போது இடது குதிகாலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டாள், இரண்டு அடி பின்னால் வந்தாள், அரைமண்டியில் இறங்கினாள், இறங்கியவள் இன்னும் இறங்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து, வாயைத் தரையில் வைத்தாள். வைத்து எதையோ உதட்டால் கவ்விக்கொண்டதுபோல நிமிர்ந்தாள். உதட்டில் மண் ஒட்டியிருந்தது. அதோடு பத்து அடி நடந்து வராந்தாவில் ஏறி, வகுப்புக்குள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, கணக்கு நோட்டைத் திறந்துகொண்டாள்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று அமிர்தம் கை தட்டினாள். அவள் ஒருத்தி தட்டிய சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் பொன்னுத்தாயி அக்கா முட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தார். கொடிக்கம்பத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் தட்டைக் கீழே வைத்தார், ஏழு அடி வைத்தார், சுற்றினார், இடது குதிகாலைத் தூக்கினார், பின்னால் வந்தார், இறங்கினார், வாயைத் தரையில் வைத்தார், நிமிர்ந்தார். உதட்டைத் திறக்க முடியாமல் பத்து அடி நடந்தார். திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "டீச்சர், இது மாசி அண்ணன் காலு."

அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று சாப்பாடு பரிமாறி முடிந்த பிறகு அடுப்படியில் வைத்து அக்கா சொன்னார். இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில், பள்ளிக்கு நிலம் கொடுத்த பெரிய வீட்டுக்காரர் செத்துப்போனபோது, பத்தொன்பது வயது மாசிலாமணி காலையிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தார்ச் சாலையில் ஆடினார். இடது குதிகாலில் பாட்டில் கண்ணாடி ஏறியிருந்தது. உட்காரவிடவில்லை. கடைசியில் பெரிய வீட்டு மகன் அம்பலவாணன் ஒரு நூறு ரூபாய் நோட்டைத் தாரில் போட்டு, கையை வைக்காமல் எடுடா என்றார். மாசிலாமணி எடுத்தார். எடுத்த நோட்டைத் துப்பிவிட்டு, பறையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தவர், அதன் பிறகு எந்தத் தாளத்துக்கும் காலை அசைத்ததில்லை. தன் பிள்ளை அடுத்தவர் முன்னால் ஆடாது என்று பெண்டாட்டியிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் சுடர்க்கொடிக்குப் பெயரே வைத்தார்.

"அந்தப் புள்ள இதைப் பாத்ததே இல்ல டீச்சர். அதுக்கு யாரும் சொன்னதுகூட இல்ல" என்றார் அக்கா.

மாசிலாமணி கடைக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று அமிர்தம் அன்று சாயங்காலமே நினைத்தாள். வீட்டுக்குப் போக கேட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. தாண்டினாள். உள்ளங்காலில் ஆடிக் காற்றின் குளிர்ச்சி இல்லை, சித்திரைத் தாரின் கொதிப்பு இருந்தது. வாயில் மண்ணோடு வெளியே வந்தவள், நாளைக்குப் போகலாம் என்று பஸ் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அப்படியே ஆயிற்று. பிள்ளைகளை அந்த இடம் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் எப்போதும்போல ஓடினார்கள், விழுந்தார்கள், பம்பரம் விட்டார்கள். வளர்ந்தவர்கள் காலை வைத்தால், உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை, ஏழு அடி, ஒரு சுற்று, தூக்கிய குதிகால், தரையில் வாய். இடது பக்கமாக ஒதுங்கிப் போனால் அதுவும் இடது பக்கம் வந்தது. பின்சுவரை இடித்து ஒரு வழி விட்டார்கள். இடித்த கொத்தனார் முதல் ஆளாக அந்த வழியில் நுழைந்து முதல் ஆளாக ஆடினார். சிமென்ட் போட்டு மூடிப் பார்த்தார்கள். முன்பு உதட்டில் மண் ஒட்டியது, பிறகு சிமென்ட் ஒட்டியது, அவ்வளவுதான். கோயில் பூசாரியை அழைத்துவந்தார்கள். அவர் வந்தபோதும் போனபோதும் ஆடிவிட்டு, இது சாமி காரியம் இல்லை, மனுஷன் காரியம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெல்ல மெல்ல ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று பெல் அடித்தார். கேஸ் சிலிண்டரைச் சாலையிலேயே இறக்கினார்கள். பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மாக்கள் இரண்டிரண்டு பேராக வந்து, ஒருத்தி ஆடும்போது இன்னொருத்தி பழைய புடவையை விரித்து மறைப்புப் பிடித்தாள். யாரும் பார்க்காதபோது தாண்டிவிடலாம் என்று தமிழ் டீச்சர் எட்டரைக்கு வர ஆரம்பித்தார், அவரைப் பார்த்து அறிவியல் சார் எட்டுக்கு வந்தார், அவருக்கும் முந்தி அமிர்தம் ஏழரைக்கு வந்தாள், குணசீலன் சார் ஏழு மணிக்கே வந்து தன் அறையில் உட்கார்ந்து வாயைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் அவ்வளவு சீக்கிரம் வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இந்த ஆட்டத்தைப் படம் பிடிக்கப் போன ஸ்டூடியோ பையனுக்குக் குனிகிற இடத்தில் சட்டைப் பையிலிருந்த செல்போன் விழுந்து கண்ணாடி உடைந்தது. வட்டாரக் கல்வி அலுவலர் ஜீப்பில் வந்து, இறங்கி, ஆடி, வாயைத் துடைத்துக்கொண்டு, உள்ளூர்க் கலை எதையும் பார்க்காமலே பார்வையாளர் குறிப்பேட்டில், "வளாகம் சுத்தமாக உள்ளது. நுழைவாயிலில் கவனம் தேவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

யாரும் அந்த இடத்தைப் பார்த்து அதிசயப்படவில்லை. தங்கள் கால் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் திடுக்கிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பலர் அது யாருடைய கால் என்று இரண்டாவது தடவையிலேயே தெரிந்துகொண்டார்கள். ஒருவரோடு ஒருவர் அதைப் பேசவில்லை. அம்பலவாணன் பதினோராம் நாள் வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "என்னய்யா எல்லாரும் பொம்பளை மாதிரி பயப்படுறீங்க" என்று கேட்டுக்கொண்டே காலை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தவர்கள், அந்த முகத்தில் ரத்தமே இல்லை என்றார்கள். பத்து அடிக்கு வாய் திறக்கவில்லை, திறந்தபோது கேட்டது ஒன்றுதான்: "முதல்ல ஆடினது யாரு?"

அதன் பிறகு ஊருக்குள் ஒரு பேச்சு உருண்டு வந்தது. அந்தப் பெண் கால் வைத்த பிறகுதானே இப்படி ஆயிற்று. அவளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் அவளோடு இதுவும் போய்விடும். டி.சி. கொடுத்துவிட வேண்டியதுதான். அடுத்த பள்ளி பதினான்கு கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். காலனியிலிருந்து அங்கே மாற்றப்பட்ட பெண் பிள்ளைகள் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நூல் மில் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். இது அமிர்தத்துக்குத் தெரியும். அந்த இடைநின்றோர் பட்டியலை வருடா வருடம் எழுதுவதே அவள்தான். அந்தப் பட்டியலில் சுடர்க்கொடி என்ற பெயரைத் தன் கையெழுத்தில் அவள் தினமும் மனசுக்குள் பார்த்தாள், தினமும் பயந்தாள், தினமும் மாசிலாமணி கடையைத் தாண்டி பஸ்ஸில் போனாள், இறங்கவில்லை. சுடர்க்கொடியோ ஒருநாள் விடாமல் வந்தாள். கணக்குக்குக் கை உயர்த்துவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

காலனியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் மாசிலாமணியிடம் சொல்லும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. பத்தொன்பதாம் நாள் நல்லதம்பி என்ற விவசாயி எரிந்துபோன போர் மோட்டாரைக் கொண்டுவந்து கடையில் இறக்கிவிட்டு, டீ வரும்வரை சும்மா இருக்க முடியாமல், பள்ளிக்கூடத்தில் தனக்கு நேர்ந்ததைச் சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டினார்.

செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த மாசிலாமணி நிமிர்ந்தார். "அந்த இடது குதிகாலை ஏன் தூக்குனீங்க?"

"நானா தூக்குறேன்? எல்லாருக்கும் அப்படித்தாம்ப்பா வருது. நொண்டியாட்டமா."

"கடைசில?"

நல்லதம்பி குனிந்து காட்டப் போய், பாதியில் நின்றுவிட்டார். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. சித்திரை மாதத்து அந்தத் தார்ச் சாலையின் ஓரத்தில் அவரும் நின்றிருந்தார். டீ வந்தது. முதலில் ஆடியது யார் என்று மாசிலாமணி கேட்டார், நல்லதம்பி சொன்னார், டீயை யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கே அம்பலவாணனும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொருவராக வாசலைத் தாண்டிவந்து, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர் விஷயம் கேள்விப்பட்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார்கள். குணசீலன் சார் டி.சி. புத்தகத்தைத் திறந்து, பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதி, காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டு, "பெத்தவங்க எழுதிக் குடுக்காம நான் கையெழுத்துப் போட முடியாதுங்களே" என்று எட்டாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது.

"சார்" என்று மாசிலாமணி அங்கிருந்தே கூப்பிட்டார். "எம் பொண்ணுக்கு டி.சி. வேணும். லெட்டர் எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. எதை மிரட்டி வாங்க வந்தார்களோ அது தானாக வாசலுக்கு வந்து நின்றது.

"உள்ள வாங்க மாசிலாமணி, உக்காந்து பேசுவோம்" என்றார் குணசீலன் சார்.

"உள்ள வர்றதா இல்ல சார். இருவத்துமூணு வருஷமா இந்தக் காலு ஆடல. இன்னமும் ஆடாது."

"அதான் அவனே கேக்குறானே, குடுத்து அனுப்புங்க சார்" என்றார் அம்பலவாணன்.

குணசீலன் சார் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். அமிர்தம் வகுப்பிலிருந்து வெளியே வந்து, அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த வாசலை அவள் அதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட தடவை தாண்டியிருந்தாள். ஒரு தடவைகூட ஒரு கண் பார்க்கத் தாண்டியதில்லை. இப்போது ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் பிள்ளைகள், வேலிக்கு வெளியே பெற்றோர்கள், வராந்தாவில் ஊர்க்காரர்கள், கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர். படியிறங்கினாள். ஏழு அடி வைத்தாள், கால் கொதித்தது. சுற்றினாள், குதிகாலில் கண்ணாடி இருந்தது, தூக்கிக்கொண்டாள். பின்னால் வந்தாள், இறங்கினாள், முதுகுக்குப் பின்னால் கட்டிய கையில் டி.சி. புத்தகம் இருந்தது, குனிந்தாள். தரைக்கு நாலு விரல் மேலே முகம் இருந்தபோது, இதைத்தானே ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னோம் என்று நினைத்தாள். வாயை வைத்தாள். எழுந்து பத்து அடி நடந்து கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மாசிலாமணி புத்தகத்தை வாங்கவில்லை. "எம் பொண்ணை என்ன சொல்லி ஆட வச்சீங்க டீச்சர்?"

அமிர்தம் புத்தகத்தை நீட்டியபடியே நின்றாள்.

"சும்மா சொன்னா ஆடற புள்ள இல்ல அது. என்னமோ சொல்லியிருக்கீங்க."

அமிர்தம் சொன்னாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"கேக்கல."

மறுபடி சொன்னாள்.

"அன்னைக்கு இப்படியா சொன்னீங்க? எல்லாப் புள்ளைங்களுக்கும் கேக்கத்தான சொன்னீங்க?"

அமிர்தம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அன்று சொன்ன அதே சத்தத்தில் சொன்னாள்: "உங்க ஆளுங்களுக்கு இதைச் சொல்லியா குடுக்கணும், ரத்தத்துலயே இருக்குமே." வராந்தா வரை கேட்டது. வேலி வரை கேட்டது. அதைச் சொன்ன வாய்க்கு அதன் எடை அப்போதுதான் தெரிந்தது.

மாசிலாமணி கத்தவில்லை. "ரத்தத்துல ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார். "எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. தப்பா வச்சா கணுக்கால்ல குச்சியால அடிப்பாரு. ஒரு அடவு கால்ல நிக்க ஆறு மாசம் ஆச்சு எனக்கு. நீங்க கணக்குப் படிச்சீங்கல்ல, அந்த மாதிரி படிச்சது. மோட்டார் கட்டவும் அப்படித்தான் படிச்சேன். அதை யாரும் ரத்தம்னு சொல்றதில்ல."

அமிர்தத்துக்குத் தன் அப்பா ஞாபகம் வந்தது. மூட்டை தூக்குகிறவர் மகளுக்கு எதுக்குப் படிப்பு என்று கேட்டவர்களின் முகங்கள் ஞாபகம் வந்தன. "அண்ணே, புள்ளையக் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றாள்.

"ஏன்? இங்க என்ன இருக்கு அதுக்கு?"

அமிர்தம் யோசித்தாள். பொய்யாக ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலண்ணே" என்றாள்.

அதற்குள் சுடர்க்கொடி வகுப்பிலிருந்து ஓடிவந்துவிட்டாள். அந்த இடத்தை மிதித்துக்கொண்டே வந்தாள், அது அவளை ஒன்றும் செய்யவில்லை. மாசிலாமணி மகளைப் பார்த்துக் கேட்டார், அந்த இருபது நாளில் அவளிடம் ஒருவரும் கேட்காததைக் கேட்டார்: "உனக்கு என்னம்மா வேணும்?"

"கோணத்துக்கு ஆடுனேன்ப்பா. ரெண்டு மூணு தட்டி ஆறுல சேந்தோம். அது எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றாள் சுடர்க்கொடி. கொஞ்சம் நிறுத்தி, "இது புடிக்கல. இதை நான் ஆடல, அதுவா வந்துச்சு" என்றாள்.

"ஆட்டமே வேணாம்னு அப்பா சொல்லியிருக்கேன்ல?"

"அது உனக்கு வேணாம்ப்பா. எனக்கு அந்தக் கோண ஆட்டம் வேணும்."

வேலியோரம் யாரோ சிரிக்கப் போய் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாசிலாமணி ரொம்ப நேரம் மகளின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பில்லாத கால், மணல் ஒட்டிய கால், இடது குதிகாலில் ஒரு கீறல்கூட இல்லை. கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"டீச்சர், இனிமே யாரை ஆடச் சொன்னாலும் புடிக்குதான்னு கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். மகளிடம், "போ. மணி அடிக்கப் போறாங்க" என்றார்.

வராந்தாவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்பலவாணன் எழுந்திருந்தார். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் போக வேண்டும், அந்த வழிக்கு முன்னால் மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார். அம்பலவாணன் படியருகே வந்தார், ஒரு காலைக் கீழே வைத்தார், எடுத்துக்கொண்டார். குணசீலன் சாரைப் பார்த்தார். சார் சுவரைப் பார்த்தார். "அவனைப் போகச் சொல்லுங்க" என்றார் அம்பலவாணன். யாரும் சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் கூடிக்கொண்டே இருந்தன, கடைசியில் அவர் இறங்கினார்.

முதல் அடியின் சத்தம் கேட்டதும் மாசிலாமணி வண்டியைத் திருப்பினார். முதுகைக் காட்டி நின்றார். "புள்ளைங்களா, பாக்காதீங்க. திரும்பிக்குங்க" என்று சாலையைப் பார்த்தபடியே சொன்னார். அவர் சொன்னதும் ஜன்னல்களில் இருந்த நூற்றுச்சொச்சம் தலைகளும் திரும்பிக்கொண்டன. அமிர்தமும், வேலியோரத்திலும் வராந்தாவிலும் இருந்தவர்களும் திரும்பிக்கொண்டார்கள். பார்ப்பதற்கு ஒரு கண் இல்லாமல் அம்பலவாணன் ஏழு அடி வைத்தார், சுற்றினார், இறங்கினார். அவர் வாய் தரையைத் தொடும் சத்தம் எல்லோர் முதுகுக்கும் கேட்டது. உதடு ஒட்டிக்கொண்டிருந்த பத்து அடியில்தான் அவர் மாசிலாமணியைத் தாண்டிப் போனார். ஏதோ சொல்ல வந்தார் என்றும் முடியவில்லை என்றும் அக்கா சொன்னார். மாசிலாமணி திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை உதைத்துக் கடைக்குப் போய்விட்டார்.

அதைப் பார்த்துவிட்டு, பார்க்காமல் கேட்டுவிட்டு, ஊர்க்காரர்களுக்கு அங்கே நிற்கத் தெம்பில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் ஒவ்வொருவராக வந்து தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். காலனிக்காரர்களும் பெரிய வீட்டு ஆட்கள் வருவார்களோ என்று பயந்துபோய்த் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முட்டைகள் பானையிலேயே கிடந்தன.

போன மாதம் அந்த வாசலை ஒன்றும் நேராமல் தாண்டிப் போய், பள்ளியில் அனுமதி வாங்கி அந்த வருடத்து ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். முப்பத்தொரு பெயர்கள். அந்தத் திங்கட்கிழமை முற்பகலில் இருபத்தொன்பது பேர் வந்திருக்கிறார்கள். பிற்பகல் கட்டத்தில் வருகை பதிவாகியிருப்பது ஒரே ஒரு பெயருக்கு நேராகத்தான், சுடர்க்கொடி, மா.